கொள்கைக்கு வாக்கு உண்டு, கட்சிக்கு இல்லை: அமெரிக்கத் தாராளவாதிகளின் சிக்கல்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வாக்காளர்களுக்குத் தரப்பட்ட வாக்குச்சீட்டில், அதிபர் வேட்பாளர்களின் பெயர்களோடு வேறு சில கேள்விகளும் அச்சிடப்பட்டிருந்தன. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, நோய்க்கால விடுப்புக்கும் சம்பளம் தர வேண்டுமா என்பது அவற்றில் ஒன்று. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்க்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஏறத்தாழ 58 சதவீதத்தினர் ஆம் என்றனர். இரண்டாவதற்கும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆம் என்றே வாக்களித்தனர். இரண்டும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தாராளவாதிகள் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் கோரிக்கைகள். அதே நாளில், அதே சீட்டில், டொனால்ட் டிரம்புக்கு விழுந்த வாக்கும் ஏறத்தாழ 58 சதவீதம்தான்.

இந்த முரண் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. அந்தத் தேர்தல் நமக்குப் பெரும்பாலும் துளசேந்திரபுரத்துக் கோயில் அர்ச்சனையாகவும் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்விகக் கதையாகவும் வந்து சேர்ந்தது. தோல்விக்குப் பின் வந்த அலசல்களோ இரண்டு வரிகளில் அடங்கின. தாராளவாதிகள் அளவுக்கு மீறி இடப்பக்கம் போய்விட்டார்கள், நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்றது ஒரு தரப்பு. போதிய அளவு இடப்பக்கம் போகவில்லை, இன்னும் துணிய வேண்டும் என்றது மறு தரப்பு. இரண்டுமே அரசியலை ஒரு நேர்கோடாக எண்ணிக்கொண்டு, அக்கோட்டில் எந்தப் பக்கம் நகர்வது என்பதை மட்டுமே கேட்கின்றன. மிசூரி வாக்குச்சீட்டை அந்தக் கோட்டில் எந்த இடத்திலும் பொருத்த முடியாது. ஆகவே, ஒரு கட்சியின் ஆதரவு எப்படி விரிகிறது, எதனால் விரிய மறுக்கிறது என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

## நான்கில் ஒருவர்

அமெரிக்க வழக்கில் தாராளவாதி என்பவர், உடல்நலக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், கூலி ஆகியவற்றில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்றும், இனச் சிறுபான்மையினர், பெண்கள், ஒருபாலீர்ப்பாளர்கள் ஆகியோரின் சம உரிமையைச் சட்டம் காக்க வேண்டும் என்றும் கருதுபவர். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதே பெயரைத் தாங்கும் கட்சிகள் வேறு வகையானவை. இக்கட்டுரை அமெரிக்கப் பொருளையே எடுத்துக்கொள்கிறது.

‘உங்களை எந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்வீர்கள்’ என்று காலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுவருகிறது. தம்மைத் தாராளவாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் 1992-இல் 17 சதவீதம். 2024-இல் 25 சதவீதம். முப்பது ஆண்டுகளில் இது கணிசமான வளர்ச்சி என்றாலும், இன்னும் நான்கில் ஒருவர்தான். பழமைவாதி என்று சொல்லிக்கொள்பவர்கள் 37 சதவீதம். மிதவாதி என்பவர்கள் 34 சதவீதம். அதாவது, நாட்டிலுள்ள தாராளவாதிகள் ஒருவர்கூட விடுபடாமல் வரிசையில் நின்று வாக்களித்தாலும் அவர்களால் மட்டும் ஒரு தேர்தலை வெல்ல முடியாது. பழமைவாதிகளுக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லைதான். ஆனால் அவர்கள் கடக்க வேண்டிய தூரம் குறைவு.

அந்தத் தூரத்தைப் புவியியல் இன்னும் நீட்டுகிறது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கும் ஏறத்தாழ 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் செனட் எனப்படும் மேலவையில் இரண்டிரண்டு இடங்கள்தான். அதிபரைத் தேர்ந்தெடுப்பதும் நாட்டின் மொத்த வாக்கெண்ணிக்கை அன்று. மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் 538 தேர்வாளர் வாக்குகள். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில், மூன்றையும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகளில் அவருடைய அதிபர் பதவி கைநழுவியது. தாராளவாதிகள் பெருநகரங்களில் குவிந்து வாழ்கிறார்கள். ஒரு பெருநகரத்தில் மேலும் ஒரு லட்சம் பேரைக் கவர்ந்தாலும் செனட்டில் ஓர் இடம்கூட அதிகரிக்காது.

படிப்பும் இப்போது ஒரு பிளவுக்கோடாகிவிட்டது. பட்டம் பெற்றவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும் பெறாதவர்கள், குறிப்பாக வெள்ளையர்கள், குடியரசுக் கட்சிப் பக்கமும் சாய்கிறார்கள். 25 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் பட்டதாரிகள் ஏறத்தாழ 38 சதவீதம் என்பதை நினைவில் கொண்டால், பட்டதாரிகளின் கட்சி என்று பெயரெடுப்பது தேர்தலில் நல்ல பெயர் அன்று என்பது விளங்கும்.

சுருக்கமாக: தாராளவாதிகளுக்கு ஆதரவை விரிப்பது விருப்பத்தேர்வு அன்று, எண்ணிக்கை விதிக்கும் கட்டாயம். அதுவும் தங்களைப் போல் வாழாத, தங்கள் ஊர்களில் இல்லாத மக்களிடம்தான் அது விரிய வேண்டும்.

## பெயர் பிடிக்காது, பொருள் பிடிக்கும்

பெரிய சாலையில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த ஒரு துணிக்கடையை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே விற்கும் வேட்டியும் சேலையும் சந்தையைவிட விலை குறைவு, தரமும் நன்று. ஆனாலும் கிராமத்திலிருந்து வந்த ஒருவர், வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்று, இது நமக்கான கடை இல்லை என்று திரும்பிவிடுகிறார். அதே சேலையை மூட்டையில் கட்டி வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவரும் வியாபாரியிடம் அவர் வாங்கிக்கொள்கிறார். கடைக்காரர் விலையை மேலும் குறைத்தாலும் இந்த வாடிக்கையாளர் வரப்போவதில்லை; துணியின் ரகத்தை மாற்றினாலும் வரப்போவதில்லை.

அமெரிக்க வாக்காளர்களிடம் இதே பிளவு உண்டு என்பதை ஆய்வாளர்கள் 1960-களிலேயே கண்டனர். ஒருவர் தம்மை எந்த அணியைச் சேர்ந்தவராக உணர்கிறார் என்பதை அடையாளச் சார்பு என்போம். தனித்தனித் திட்டங்களைப் பற்றிக் கேட்டால் அவர் எதை ஆதரிக்கிறார் என்பதைத் திட்டச் சார்பு என்போம். அமெரிக்கர்களில் கணிசமான பகுதியினர் அடையாளத்தில் பழமைவாதிகள், திட்டங்களில் தாராளவாதிகள். அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஓய்வூதியத்தையும் முதியோர் மருத்துவத்தையும் பள்ளிகளையும் தொடக்கூடாது என்பார்கள். இதை அறியாமை என்று ஏளனம் செய்வது எளிது. தம் குடும்பம், ஊர், தேவாலயம், உழைப்பு ஆகியவற்றை மதிப்பவர்கள் யார் என்ற கேள்விக்கான விடையாகவே ஒருவர் தம்மைப் பழமைவாதி என்று சொல்லிக்கொள்கிறார். மருந்து விலை அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை.

கெண்டக்கி மாநிலம் இதற்குத் தெளிவான சான்று. 2010-இல் நிறைவேறிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள் ஒபாமாகேர் என்று அழைத்தனர். அச்சட்டத்தின்கீழ் மாநிலங்கள் தத்தம் காப்பீட்டுச் சந்தையை அமைத்தபோது, கெண்டக்கியின் ஆளுநர் (நம் முதலமைச்சருக்கு இணையான பதவி) ஸ்டீவ் பெஷியர் தம் மாநிலச் சந்தைக்குக் ‘கினெக்ட்’ என்று பெயரிட்டார். 2014-இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், கெண்டக்கி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒபாமாகேரைப் பிடிக்கவில்லை என்றார்கள். கினெக்ட் பிடிக்கவில்லை என்றவர்களோ அவர்களில் பாதி அளவுகூட இல்லை. இரண்டும் ஒரே சட்டம், ஒரே காப்பீடு.

மிசூரி, ஆர்கன்சா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் கூலி உயர்வும், ஐடஹோ, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா போன்றவற்றில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டின் விரிவாக்கமும் நேரடி வாக்கெடுப்பில் வென்றது இதனால்தான். நேரடி வாக்கெடுப்பில் கட்சிப் பெயர் இருப்பதில்லை. திட்டம் மட்டும் இருக்கிறது. அப்படியானால் வாக்கெடுப்புகளே போதுமே, கட்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். மிசூரியில் அதற்கும் விடை கிடைத்தது. மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய நோய்க்கால விடுப்புச் சட்டத்தை, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட மாநிலச் சட்டமன்றம் அடுத்த ஆண்டே, 2025-இல், நீக்கிவிட்டது. அந்தச் சட்டமன்றத்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் அதே மக்கள்தான்.

## நடு என்பது ஓர் இடமா?

நடுவுக்கு நகர வேண்டும் என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. எல்லா வாக்காளர்களையும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவர் இடைநிலை வாக்காளர். இரண்டே கட்சிகள் போட்டியிடும்போது, அவரைக் கவர்ந்த கட்சிக்கு அவருக்குப் பின்னால் நிற்கும் பாதிப் பேரும் சேர்ந்து கிடைப்பார்கள். தொடர்ந்து மூன்று அதிபர் தேர்தல்களில் தோற்றிருந்த ஜனநாயகக் கட்சியை, 1992-இல் பில் கிளிண்டன் குற்றத் தடுப்பிலும் அரசு உதவித்தொகை விதிகளிலும் கடுமை காட்டி வெற்றிக்குக் கொண்டுவந்தது இந்தக் கணக்கின்படிதான். அதே தேர்தலில் தனி வேட்பாளர் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார் என்பதையும், கிளிண்டனுக்குக் கிடைத்தது 43 சதவீதம் மட்டுமே என்பதையும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பல நேரங்களில் விட்டுவிடுகிறார்கள்.

கோட்பாடு தவறன்று. மிதமான வேட்பாளர்களுக்குச் சிறிதளவேனும் கூடுதல் வாக்கு கிடைக்கிறது என்றே பொதுவாகத் தரவுகள் காட்டுகின்றன. சிக்கல் எங்கே என்றால், மிதவாதி என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாவற்றிலும் மிதமானவர்களாக இருப்பதில்லை. எல்லையைக் கடுமையாகக் காக்க வேண்டும் என்பவரே, மருந்துக் கம்பெனிகளின் விலைக்கு அரசு உச்சவரம்பு போட வேண்டும் என்றும் சொல்வார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை விட்டுத்தர மறுப்பவரே கருக்கலைப்பில் அரசு தலையிடக் கூடாது என்பார். இவரைச் சராசரி எடுத்து நடுவில் நிறுத்துகிறோம். அவருடைய கருத்துகளோ இரு ஓரங்களிலும் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் பாதி பாதி என்று ஒரு திட்டத்தை வகுத்துக்கொண்டு அவரிடம் போகும் வேட்பாளர் அவருக்கு எதையும் தரவில்லை.

இங்கே இரண்டு உத்திகளைப் பிரித்தறிய வேண்டும். ஏற்கெனவே நம் பக்கம் இருந்தும் வாக்களிக்க வராதவரை வாக்குச்சாவடிக்கு வரவைப்பது திரட்டல். எதிர்ப்பக்கம் இருப்பவரை நம் பக்கம் கொண்டுவருவது இணக்குதல். திரட்டலில் வித்தியாசம் ஒரு வாக்குக் கூடும். இணக்குதலில் நமக்கு ஒன்று கூடி எதிரிக்கு ஒன்று குறைவதால் வித்தியாசம் இரண்டு வாக்கு. திரட்டல் எளிது, இணக்குதல் கடினம் என்பதால், தொண்டர்களுக்கு எப்போதும் முதலாவதே உவப்பாக இருக்கிறது. தவிர, வாக்களிக்காமல் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்களே என்ற நம்பிக்கை தாராளவாதிகளிடம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2024-இல் எப்போதாவது மட்டும் வாக்களிப்பவர்களிடையே டிரம்புக்குக் கிடைத்த ஆதரவு அந்த நம்பிக்கையைக் குலைத்தது.

ஆக, நடுவில் இருப்பவர் என்று தனி இனம் ஒன்று இல்லை. வெவ்வேறு விஷயங்களில் வெவ்வேறு பக்கம் இழுக்கப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்த விஷயத்தைக் கொண்டு அணுகுகிறோம் என்பது அடுத்த கேள்வி.

## எதைப் பற்றிப் பேசுவது

வாக்களிக்கும் நேரத்தில் ஒருவரின் மனத்தில் எந்த விஷயம் மேலெழுந்து நிற்கிறதோ அதை முன்னுரிமைப் பொருள் என்போம். ஒரு வாக்காளருக்குப் பத்து விஷயங்களில் கருத்து இருக்கலாம். வாக்கைத் தீர்மானிப்பவை இரண்டோ மூன்றோதான். எனவே அவருடைய கருத்தை மாற்றாமலே, எந்தக் கருத்து முன்னால் வருகிறது என்பதை மாற்றி ஒரு தேர்தலை வெல்லலாம்.

2022 ஜூனில் அமெரிக்காவில் விலைவாசி ஆண்டுக்கு 9.1 சதவீதம் உயர்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகளில் அத்தகைய ஏற்றம் இல்லை. 2024-க்குள் விலையேறும் வேகம் தணிந்துவிட்டது என்று ஆளும் கட்சி புள்ளிவிவரம் காட்டியது. ஏறிய விலை இறங்கவில்லை என்பதுதான் முட்டையும் ரொட்டியும் வாங்கியவர்களின் கவலை. ஜனநாயகக் கட்சியின் பிரசாரத்தில் மக்களாட்சிக்கு நேர்ந்த ஆபத்தும் கருக்கலைப்பு உரிமையும் முன்னால் நின்றன. அப்போது டிரம்ப் தரப்பு ஒரு விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. சிறையிலிருக்கும் திருநர்களின் அறுவை சிகிச்சைச் செலவைப் பற்றி 2019-இல் ஹாரிஸ் சொன்னதை எடுத்துக்காட்டி, அவர் வேறு யாருக்காகவோ நிற்கிறார், டிரம்ப் உங்களுக்காக நிற்கிறார் என்று அது முடிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அது திருநர்களைப் பற்றிய விளம்பரம். அதன் கூர்மை வேறிடத்தில் இருந்தது: உங்கள் சமையலறைச் செலவு இவருடைய முன்னுரிமைப் பொருள் அன்று என்பதே அது சொன்ன செய்தி. ஹாரிஸ் தரப்பு அதற்கு நேரடியாக மறுமொழி சொல்லாமலே விட்டது. என் பார்வையில் அந்தத் தேர்தலின் பெரிய பிழைகளில் அதுவும் ஒன்று.

ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் 4 அன்று, மூன்று ஜனநாயகக் கட்சியினர் வென்றனர். நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நின்ற சோரான் மம்தானி தம்மைச் சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். வர்ஜீனியாவின் ஆளுநராக வென்ற அபிகேல் ஸ்பான்பர்கர் முன்னாள் உளவுத்துறை அதிகாரி, தம் கட்சியின் இடதுசாரிகளை வெளிப்படையாகக் கண்டித்தவர். நியூஜெர்சியின் ஆளுநராக வென்ற மிக்கி ஷெரில் முன்னாள் கடற்படை ஹெலிகாப்டர் விமானி. கொள்கைக் கோட்டில் இவர்கள் ஒருவருக்கொருவர் வெகுதொலைவில் நிற்பவர்கள். மூவரும் பேசியதோ ஒன்றே: வாடகை, மின்கட்டணம், குடும்பச் செலவு. நடுவுக்கு நகர்வதா, இடப்பக்கம் நகர்வதா என்ற சண்டையில் இரு தரப்பும் இந்த வெற்றிகளைத் தம் பக்கச் சான்றாகக் காட்டின. முடிவுகள் காட்டுவது அந்தச் சண்டைக்கு அப்பாற்பட்ட ஒன்றை.

## எந்த மொழியில் சொல்வது

ஒரே கோரிக்கையை வெவ்வேறு மதிப்பீடுகளின் மேல் நிறுத்திச் சொல்லலாம். அப்படி ஒரு கோரிக்கை நிற்கும் அடித்தளத்தைப் பேச்சுச் சட்டகம் என்று அழைக்கலாம். மனிதர்களின் நல்லது கெட்டது பற்றிய உணர்வில் பரிவு, நியாயம், விசுவாசம், பெரியோருக்குக் கீழ்ப்படிதல், புனிதம் என்று பல இழைகள் உண்டு என்றும், தாராளவாதிகள் முதல் இரண்டை மட்டுமே அழுத்திப் பேசுகிறார்கள் என்றும் உளவியலாளர் ஜொனாதன் ஹைட் வாதிட்டார். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் மறுக்க முடியாத ஒரு நிகழ்வு அமெரிக்க வரலாற்றில் இருக்கிறது. அதுதான் ஒருபால் திருமணத்தின் கதை.

2008 நவம்பரில் கலிஃபோர்னியா பராக் ஒபாமாவுக்கு 61 சதவீத வாக்குகளை அள்ளித் தந்தது. அதே நாளில், அதே மாநிலத்தில், ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் தீர்மானம் 52 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. தாராளவாதத்தின் கோட்டையிலேயே இந்நிலை என்றால் பிற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்தில், சட்டமன்றம் இயற்றிய ஒருபால் திருமணச் சட்டத்தை வாக்காளர்கள் ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளோடு ரத்துசெய்தனர்.

தோற்றவர்கள் அதன்பின் செய்த வேலைதான் கவனிக்கத்தக்கது. அதுவரை அவர்களுடைய பிரசாரம் உரிமைகளையும் சலுகைகளையும் பேசியது: திருமணம் மறுக்கப்பட்டால் காப்பீடு இல்லை, மருத்துவமனையில் பார்க்க அனுமதி இல்லை, வாரிசுரிமை இல்லை. அவை எல்லாம் உண்மை. நியாயம் என்ற இழையைத் தொடுபவை. ஆனால் ஆய்வுகளில், ‘நீங்கள் எதற்காகத் திருமணம் செய்துகொண்டீர்கள்’ என்று பொதுமக்களிடம் கேட்டபோது, அவர்கள் அன்பையும் வாழ்நாள் முழுதும் துணைநிற்கும் உறுதியையும் சொன்னார்கள். சலுகைக்காகத் திருமணம் செய்துகொண்டதாக அவர்கள் சொல்லவில்லை. ஒருபாலீர்ப்பாளர்கள் எதற்காகத் திருமணம் கேட்கிறார்கள் என்றபோது, சலுகைகளுக்காக என்றோ தெரியாது என்றோ சொன்னார்கள். பிரசாரம்தான் அவர்களுக்கு அப்படிக் கற்பித்திருந்தது. தாங்கள் புனிதமாகக் கருதும் ஒன்றை யாரோ சலுகைக்காகக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் எதிர்ப்பாக வெளிப்பட்டது.

புதிய பிரசாரம் உரிமை மொழியைப் பின்னுக்குத் தள்ளி, அன்பையும் பொறுப்பையும் குடும்பத்தையும் முன்னால் வைத்தது. விளம்பரங்களில் நெடுநாள் மணவாழ்வு கண்ட பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் பேசினார்கள். 2012-இல் மெய்ன் வாக்காளர்களிடம் இதே கேள்வி மீண்டும் வைக்கப்பட்டபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தனர். அன்றே மேரிலாந்தும் வாஷிங்டன் மாநிலமும் அவ்வாறே வாக்களித்தன. 2009-இல் அதிபர் தேர்தல் இல்லை, 2012-இல் இருந்தது, எனவே வாக்களிக்க வந்தவர்களும் வேறு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். முழுப் புகழும் விளம்பரங்களுக்குரியது அன்று. எனினும் கோரிக்கையில் ஒரு சொல்கூடத் தணிக்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. நகர்ந்தது கோரிக்கையின் அடித்தளம் மட்டுமே.

ஆக, நிலைப்பாட்டை விட்டுக்கொடுப்பது வேறு, அதைக் கேட்பவரின் மதிப்பீட்டோடு இணைத்துச் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர்கள்தான் மொழியை மாற்றுவதையே சரணாகதி என்கிறார்கள்.

## வீட்டு வாசலில் பத்து நிமிடம்

2008 தோல்விக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு முயற்சியும் தொடங்கியது. அங்குள்ள ஒருபாலீர்ப்பாளர் மையத்தின் தொண்டர்கள், தங்களுக்கு எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவைத் தட்டி, ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டார்கள். துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், எதிரில் இருப்பவர் எப்போதாவது ஒதுக்கப்பட்டதாக உணர்ந்திருக்கிறாரா என்று கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, தங்கள் அனுபவத்தையும் சொன்னார்கள். இதற்கு ஆழ்ந்த உரையாடல் பிரசாரம் என்று பெயர் ஏற்பட்டது.

இத்தகைய உரையாடல் மக்களின் கருத்தை நிலையாக மாற்றுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதே முறையில் புதிய ஆய்வு ஒன்றை நடத்த முயன்றபோது, அந்தக் கட்டுரையின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பதைக் கண்டுபிடித்தனர். 2015-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதே இருவரும் மயாமி நகரில் ஏறத்தாழ 500 வாக்காளர்களிடம் உண்மையாகவே சோதனை நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். திருநர்களைப் பற்றிய கசப்பைப் பத்து நிமிட உரையாடல் குறைக்கிறது என்பதும், அம்மாற்றம் குறைந்தது மூன்று மாதங்கள் நிலைக்கிறது என்பதும் அதில் தெரியவந்தன. உரையாடுபவர் தாமே திருநராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பொய்யாக எழுதப்பட்ட ஒன்றைப் பிடித்தவர்களே அதன் சாரம் மெய் என்று நிறுவியது ஆய்வுலகில் அரிதாக நடப்பது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அதே இருவர் 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுத்தேர்தல் நெருக்கத்தில் நடக்கும் வழக்கமான தொடர்புகளும் விளம்பரங்களும் வாக்காளர் எந்த வேட்பாளருக்கு வாக்களிக்கிறார் என்பதைச் சராசரியாக ஏறக்குறைய மாற்றுவதே இல்லை என்றும் காட்டினர். கடைசி மாதத்தில் கோடிகளைக் கொட்டுவதைவிட, தேர்தலே இல்லாத காலத்தில் வாசற்படியில் நின்று கேட்பது பயன் தருகிறது. ஆனால் அதற்கு ஆளும் பொறுமையும் தேவை, பலன் ஒவ்வொருவராகத்தான் சேரும்.

## யார் வந்து சொல்கிறார்

அடையாளச் சார்பை நேரடியாகத் தொடுவது வேட்பாளர்தான். கெண்டக்கியில் கினெக்ட்டைத் தொடங்கியவரின் மகன் ஆண்டி பெஷியர் 2019-இல் ஏறத்தாழ 5,000 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநரானார். 2020-இல் டிரம்ப் 26 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்ற அதே மாநிலத்தில், 2023-இல் அவர் 5 புள்ளிகள் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். இடையில் மேஃபீல்டு நகரைச் சிதைத்த சூறாவளியும் கிழக்குக் கெண்டக்கியின் வெள்ளமும் வந்தன. இரண்டிலும் அவர் களத்தில் இருந்தார். திருநர் சிறாருக்கு எதிரான சட்டத்தைத் தேர்தல் ஆண்டிலேயே தம் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் கடவுளின் பிள்ளைகள் என்ற தம் சமய நம்பிக்கையைக் காரணமாகச் சொன்னார். சட்டமன்றம் அதையும் மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்தரப்பு அதை வைத்து விளம்பரங்களும் செய்தது. அவர் தோற்கவில்லை.

எல்லாருக்கும் இவ்வழி வாய்ப்பதில்லை. லூசியானாவில் இருமுறை ஆளுநராக வென்ற ஜான் பெல் எட்வர்ட்ஸ் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கியவர். அவரே 2019-இல் கருக்கலைப்புக்கு எதிரான கடுமையான சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டார். வாஷிங்டன் மாநிலத்தின் கிராமப்புறத் தொகுதியிலிருந்து கீழவைக்கு வந்த மேரி குளூசன்கேம்ப் பெரெஸ், கணவரோடு கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவந்தவர். பொருளை வாங்கியவருக்கே அதைப் பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்று பேசி டிரம்ப் வென்ற தொகுதியில் 2022-இலும் 2024-இலும் வென்றார். தம் கட்சியின் அதிபர் அறிவித்த கல்விக்கடன் தள்ளுபடிக்கு எதிராகவும் வாக்களித்தார். பட்டம் பெறாதவர்கள் நிறைந்த தொகுதியில் அந்த வாக்கு புரியக்கூடியதே. கடன் சுமந்த பட்டதாரிகள் அதை மன்னிக்கவில்லை. இத்தகையவர்களைக் கட்சிக்குள் வைத்துக்கொள்வதா என்பது தாராளவாதிகளிடையே தீராத சச்சரவு. செனட்டின் அமைப்பைப் பார்த்தால், வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எதுவரை என்பதில்தான் வாதத்துக்கு இடம் இருக்கிறது.

கட்சிப் பெயரையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் சோதித்தார். 2021-இல் ஒமாஹாவின் கெல்லாக்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தை வழிநடத்திய தொழிலாளியான டேன் ஆஸ்பர்ன், 2024-இல் நெப்ராஸ்கா செனட் தொகுதியில் எந்தக் கட்சியும் சாராமல் நின்றார். ஜனநாயகக் கட்சி அங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை. ஹாரிஸ் 20 புள்ளிகள் அளவில் தோற்ற மாநிலத்தில் ஆஸ்பர்ன் 7 புள்ளிகளுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். இவரும் வேடமிட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்தான் என்று எதிர்த்தரப்பு கடைசி வாரங்களில் இடைவிடாமல் விளம்பரம் செய்தது. 2026 தேர்தலில் மீண்டும் களமிறங்குவதாக அவர் 2025-இல் அறிவித்தார், இம்முறையும் கட்சிப் பெயர் இல்லாமலே.